பூட்டிய கோப்பை யார் திறப்பார்?

காரமடையில் கணினி இருக்கும் எந்த வீட்டிலும் டி டிரைவைத் திறந்தால் ஏறக்குறைய ஒரே வகைச் சரக்குதான் கிடக்கும். கிரயப் பத்திரத்தின் ஸ்கேன், பட்டா, சிட்டா, வில்லங்கச் சான்று, வீட்டில் உள்ள எல்லோருடைய ஆதாரும் பானும், பிள்ளைகளின் மதிப்பெண் சான்றிதழ்கள், பாஸ்போர்ட்டின் முதல் பக்கம், வங்கிக் கணக்கு விவரம். தோட்டக்காரர் வீடென்றால் கருவேப்பிலை வரவு எழுதிய எக்ஸெல், தறிக்காரர் வீடென்றால் கூலிக் கணக்கு, சிலரிடம் கைமாற்றுக் கணக்கும் இருக்கும். இவ்வளவும் திறந்தே கிடக்கின்றன. விண்டோஸ் கெட்டால் அதே கணினி அப்படியே சர்வீஸ் கடைக்குப் போகிறது, இரண்டு நாள் அங்கே இருந்துவிட்டு வருகிறது. கடைக்காரர் நல்லவராகவே இருக்கலாம். அந்த இரண்டு நாளில் அந்த டிரைவை யார் யார் பார்த்தார்கள் என்பது அவருக்கே தெரியாது.

இந்தக் கோப்புகளை மட்டும் தனியாகப் பூட்டிவைக்க எந்த மென்பொருள் நல்லது என்ற கேள்வி அடிக்கடி வருகிறது. பதில் சொல்பவர்கள் பெரும்பாலும் எது வலுவானது என்று ஒப்பிடத் தொடங்குகிறார்கள். அந்த ஒப்பீட்டுக்கு இன்று பெரிய பயன் இல்லை. 1997-ல் அமெரிக்காவின் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட், உலகுக்குப் பொதுவாக ஒரு போட்டி அறிவித்தது. 15 மறையாக்க முறைகள் களத்தில் நின்றன. பெல்ஜியத்தைச் சேர்ந்த யோவான் டேமன், வின்சென்ட் ரெய்மன் இருவரும் வடிவமைத்த முறை 2000-ல் தேர்வாகி, 2001 நவம்பரில் ஏஇஎஸ் என்ற பெயரில் தரமானது. கால் நூற்றாண்டாக உலகின் கணிதவல்லுநர்கள் அதை உடைக்க முயன்றும் நடைமுறையில் பயன்படும் வழி கிடைக்கவில்லை. இன்று பெயர் சொல்லத்தக்க மென்பொருள்கள் பெரும்பாலும் இதையோ இதற்கு நிகரான ஒன்றையோதான் பயன்படுத்துகின்றன. ஆகவே நான் வேறு கேள்வியை முதலில் வைப்பேன். பத்து ஆண்டு கழித்து, இந்த மென்பொருளை எழுதியவர் கடையை மூடிய பிறகு, ஒருவேளை நானும் இல்லாதபோது, என் வீட்டார் இந்தக் கோப்பைத் திறக்க முடியுமா? இதற்கு ஆம் என்று சொல்ல முடியாத மென்பொருள் எவ்வளவு வலுவானதாக இருந்தாலும் நம் பத்திரத்துக்கு ஆகாது.

பூட்டு என்று நம்பப்படும் ஆனால் பூட்டே அல்லாத சிலவற்றை முதலில் ஒதுக்கிவிட வேண்டும். யூடியூப் பார்த்துப் பலர் செய்துவைத்திருக்கும் 'ஃபோல்டர் லாக்கர்' அதில் முதன்மையானது. நோட்பேடில் பத்து வரி எழுதி பேட்ச் கோப்பாகச் சேமித்தால், அது ஃபோல்டரின் பெயரைக் கன்ட்ரோல் பேனல் என்று மாற்றி, மறைந்திருக்கும்படி செய்துவிடும். கடவுச்சொல் கேட்கும். ஆனால் அந்தக் கடவுச்சொல் அதே பேட்ச் கோப்புக்குள் பச்சையாக எழுதப்பட்டிருக்கிறது. நோட்பேடில் திறந்தால் தெரியும். டிரைவைக் கழற்றி இன்னொரு கணினியில் மாட்டினால் அதுகூடத் தேவையில்லை. கதவைப் பூட்டாமல் அதன்மேல் சுவரொட்டி ஒட்டி மறைப்பதற்கும் இதற்கும் வேறுபாடு இல்லை. எக்ஸெல்லில் 'ஷீட்டைப் பாதுகாத்தல்' என்ற வசதியும் இந்த வகைதான். அது கை தவறி யாரும் எண்ணை மாற்றிவிடாமல் தடுக்கும். கோப்பு மறையாக்கம் ஆவதில்லை. முழுக் கோப்புக்கும் கடவுச்சொல் போட்டு மறையாக்கும் தெரிவு வேறு இடத்தில், ஃபைல் மெனுவில் இருக்கிறது. 2007-க்குப் பின் வந்த ஆஃபீஸ் வடிவங்களில் அது ஏஇஎஸ்-ஐப் பயன்படுத்துவதால் நம்பலாம். பழைய எக்ஸ்எல்எஸ் வடிவத்தில் போட்ட கடவுச்சொல்லுக்கு இன்று மதிப்பே இல்லை. பதினைந்து ஆண்டுக்கு முந்தைய தறிக் கணக்கைப் பூட்டிவைத்திருப்பதாக நினைப்பவர்கள் அதைப் புதிய வடிவத்துக்கு மாற்றிச் சேமித்துக்கொள்வது நல்லது.

அரசே நமக்குப் பழக்கிவிட்ட ஒரு பூட்டைப் பற்றி இங்கே விரிவாகச் சொல்ல வேண்டும். இ-ஆதார் பிடிஎஃப்பைத் திறக்க, பெயரின் முதல் நான்கு எழுத்தை ஆங்கிலப் பெரிய எழுத்தில் போட்டு, பிறந்த ஆண்டைச் சேர்க்க வேண்டும். வருமான வரித்துறையின் பல ஆவணங்களுக்குப் பான் எண்ணும் பிறந்த தேதியும் கடவுச்சொல். எல்லோருக்கும் நினைவிருக்க வேண்டும் என்ற நல்ல எண்ணத்தில் செய்தது அது. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். உங்கள் பெயர் தெரிந்தவருக்கு மிச்சம் இருப்பது பிறந்த ஆண்டு மட்டும். நூறு ஆண்டையும் ஒவ்வொன்றாகத் தட்டினாலும் ஒரு மதியத்துக்குள் முடியும். பெயரே தெரியாவிட்டால் 26 எழுத்துகள் நான்கு இடங்களில் 4,56,976 விதமாக அமையும்; நூறு ஆண்டுகளால் பெருக்கினால் சுமார் 4.57 கோடி. கையால் முடியாத வேலைதான், கணினிக்கு இது சிறிய எண். இந்தக் கடவுச்சொல் வழியில் வந்துசேரும்போது தவறான கையில் விழாமல் இருக்க ஓரளவு உதவும். வீட்டில் நிரந்தரமாக வைக்கும் கோப்புக்கு இது பூட்டு ஆகாது.

2022 மே 27 அன்று ஆதார் ஆணையத்தின் பெங்களூரு மண்டல அலுவலகம் ஓர் அறிவுரை வெளியிட்டது. ஆதார் நகலைக் கண்டவரிடமும் கொடுக்காதீர்கள், கடைசி நான்கு எண் மட்டும் தெரியும் நகலைக் கொடுங்கள், பொதுக் கணினியில் இறக்கினால் எல்லாப் பிரதிகளையும் அழித்துவிடுங்கள் என்றது. இரண்டே நாளில், மக்கள் தவறாகப் புரிந்துகொள்ளக்கூடும் என்று அது திரும்பப் பெறப்பட்டது. திரும்பப் பெற்றிருக்க வேண்டியதில்லை என்பதே என் கருத்து. நம் ஊர்ப் பிரவுசிங் சென்டர்களிலும் ஜெராக்ஸ் கடைகளிலும் டவுன்லோட்ஸ் ஃபோல்டரைப் பார்த்தவர்களுக்கு அந்த அறிவுரையின் பொருள் சட்டென்று புரியும். "வாட்ஸ்அப்ல அனுப்பி உடுங்க, பிரிண்ட் போட்டுத் தர்றேனுங்க" என்று கடைக்காரர் சொல்கிறார், நாமும் அனுப்புகிறோம். அந்தப் பிரதி அந்தக் கணினியில் எத்தனை ஆண்டு இருக்கும் என்று இருவரும் கேட்டுக்கொள்வதில்லை.

கணக்கு வைப்பவர்களுக்கு டேலி தெரியும். கோவை வட்டாரத்தில் சிறுதொழில் நடத்துபவர்களின் கணக்கு பெரும்பாலும் அதில்தான் இருக்கிறது. அதில் 'டேலிவால்ட்' என்ற வசதி நிறுவனத்தின் தரவையே மறையாக்கி வைக்கும். நிறுவனத்தின் பெயர்கூட வெளியே தெரியாது. அந்தக் கடவுச்சொல்லை மறந்தால் மீட்க வழியில்லை என்று அதை உருவாக்கியவர்களே தெளிவாகச் சொல்லியிருக்கிறார்கள். "பாஸ்வேர்டு மறந்து போச்சுங்க, எப்படியாச்சும் எடுத்துத் தர முடியுங்களா?" என்று கேட்டுக்கொண்டு வருபவரிடம் இல்லை என்பதைத் தவிர வேறு நேர்மையான பதில் கிடையாது. எடுத்துத் தருகிறேன் என்று பணம் வாங்குபவரை நம்ப வேண்டாம். எடுத்துத் தர முடிகிற மறையாக்கம் மறையாக்கமே அல்ல.

இனி விண்டோஸோடு வருபவை. 2000-ஆம் ஆண்டு விண்டோஸிலிருந்தே இஎஃப்எஸ் என்ற வசதி இருக்கிறது. ஃபோல்டரின் பண்புகளில் ஒரு சின்னக் கட்டத்தைத் தேர்ந்தால் போதும், தனிக் கடவுச்சொல் கிடையாது. ஹோம் பதிப்பில் இது கிடைக்காது, புரொஃபஷனலில் கிடைக்கும். தனிக் கோப்பை மறையாக்க இதைவிட எளிய வழி இல்லை என்பதால் பலர் இதைப் பரிந்துரைக்கிறார்கள். நம் ஊர் நிலைமைக்கு இதைவிட ஆபத்தானது வேறில்லை என்று நான் நினைக்கிறேன். திறவுகோல் அந்த விண்டோஸில் உள்ள உங்கள் கணக்கோடு ஒட்டியிருக்கிறது. கணினி மெதுவாகிவிட்டது என்று சர்வீஸ் கடையில் "புதுசா விண்டோஸ் போட்டுக் குடுங்க" என்று சொல்வது இங்கே ஆண்டுக்கொரு முறை நடப்பது. சி டிரைவை அழித்துப் புதிதாகப் போட்டதும் திறவுகோல் போய்விடும். டி டிரைவில் கோப்புகள் பெயரோடு அப்படியே இருக்கும், திறக்க முடியாது. சான்றிதழைத் தனியாக ஏற்றுமதி செய்து வைத்திருந்தால் தப்பிக்கலாம். அப்படி வைத்திருப்பவர்கள் மிகக் குறைவு.

பிட்லாக்கர் முழு டிரைவையும் மறையாக்குவது. லேப்டாப் திருடு போகும் ஆபத்துக்கு அது நல்ல பதில். விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பைப் புதிதாக நிறுவி மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தால், ஹோம் பதிப்பிலும் டிரைவ் மறையாக்கம் தானாகவே தொடங்கிவிடுகிறது, மீட்புத் திறவுகோல் அந்தக் கணக்கில் போய்ச் சேர்கிறது. பலருக்குத் தங்கள் கணினி பூட்டப்பட்டிருப்பதே தெரியாது. லேப்டாப் வாங்கும்போது கடையில் யாரோ தொடங்கிக் கொடுத்த மின்னஞ்சல் கணக்கில் அந்தத் திறவுகோல் இருந்தால் என்ன ஆகும் என்று இன்றே பார்த்துக்கொள்ளுங்கள். தவிர, கணினி ஓடிக்கொண்டிருக்கும்போது பிட்லாக்கர் எதையும் மறைக்காது. கடைக்காரரிடம் கடவுச்சொல்லையும் சொல்லிவிட்டு வரும் வழக்கம் உள்ள இடத்தில் தனிக் கோப்புக்கான பூட்டு தனியாக வேண்டியிருக்கிறது.

அந்தத் தனிப் பூட்டுகளில் மிகப் பெரிய பாடம் ட்ரூகிரிப்ட்டின் கதையில் இருக்கிறது. 2004-ல் வந்த இலவச மென்பொருள் அது. எழுதியவர்கள் யார் என்று வெளியே தெரியாது. குறிப்பிட்ட அளவில் ஒரு கோப்பை உருவாக்கி, கடவுச்சொல் கொடுத்தால் அது இன்னொரு டிரைவ் போலத் திறக்கும். மூடினால் பொருளற்ற எண்களின் குவியல். பத்து ஆண்டு உலகம் முழுவதும் அதை நம்பியது. 2014 மே 28 அன்று அதன் தளத்தில், இது பாதுகாப்பானதல்ல, வேறு ஏதாவது பயன்படுத்துங்கள் என்று ஓர் அறிவிப்பு மட்டும் தோன்றியது, மென்பொருள் நின்றுபோனது. அப்போது பொதுமக்கள் பணத்தில் நடந்துகொண்டிருந்த ஆய்வு 2015-ல் முடிந்தபோது, வேண்டுமென்றே வைத்த கள்ளவழி எதுவும் இல்லை என்று சொன்னது. நிரல் வெளிப்படையாக இருந்ததால், பிரான்ஸின் முனீர் இத்ராஸி 2013-லேயே அதிலிருந்து வெராகிரிப்ட்டை உருவாக்கத் தொடங்கியிருந்தார். ட்ரூகிரிப்ட்டில் பூட்டியவர்கள் தெருவில் நிற்காமல் தப்பியது அதனால்தான். ஆனாலும் அந்தப் பாலம் என்றென்றைக்கும் நிற்கவில்லை. வெராகிரிப்ட்டின் 1.25.9 பதிப்போடு பழைய ட்ரூகிரிப்ட் கோப்புகளைத் திறக்கும் வசதி முடிந்தது. பழைய கோப்பு வைத்திருப்பவர்கள் அந்தப் பதிப்பைத் தேடி எடுத்துத் திறந்து, புதியதற்கு மாற்றிக்கொள்ள வேண்டும்.

வெராகிரிப்ட்டை 2016-ல் குவார்க்ஸ்லேப் நிறுவனமும், 2020-ல் ஜெர்மனி அரசுக்காக ஃபிரான்ஹோஃபர் நிறுவனமும் ஆய்வு செய்திருக்கின்றன. சொந்தக் கணினியில், தினமும் திறந்து வேலை செய்ய வேண்டிய நிறையக் கோப்புகளுக்கு அது சிறந்தது. குறைகள் வேறு இடத்தில் இருக்கின்றன. டிரைவாகத் திறக்க நிர்வாகி உரிமை வேண்டும் என்பதால் அடுத்தவர் கணினியில் திறப்பது கடினம். முழுதும் ஒரே கோப்பாக இருப்பதால் அதன் தலைப்பகுதி பழுதானால் உள்ளே உள்ள எல்லாமும் போகும். தலைப்பகுதிக்கு மட்டும் தனிப் பிரதி எடுக்கும் வசதி அதிலேயே இருக்கிறது, கட்டாயம் எடுத்துவைக்க வேண்டும். திறந்திருக்கும்போது கரண்ட் போனால் உள்ளிருக்கும் கோப்புகள் கெடக்கூடும். யூபிஎஸ் இல்லாத டெஸ்க்டாப்பில் இதைப் பயன்படுத்துபவர்கள் வேலை முடிந்தவுடன் மூடிவிடுவது நல்லது.

நான் பெரும்பாலோருக்குச் சொல்வது 7-ஸிப். இகோர் பாவ்லோவ் 1999-லிருந்து எழுதிவரும் இலவச மென்பொருள். சுருக்குவதற்காக வந்தது, மறையாக்கமும் செய்கிறது. கோப்பின்மேல் வலது கிளிக் செய்து, 7இசட் வடிவத்தைத் தேர்ந்து, கடவுச்சொல் கொடுத்து, கோப்புப் பெயர்களையும் மறையாக்கும் கட்டத்தைத் தேர்ந்தால் வேலை முடிந்தது. அந்தக் கட்டத்தை விட்டுவிட்டால் உள்ளே 'கிரயப் பத்திரம்', 'கடன் பாண்டு' என்ற பெயர்கள் யாருக்கும் தெரியும். கடவுச்சொல்லிலிருந்து திறவுகோலை உண்டாக்க அது 5,24,288 முறை கணக்கைச் சுற்றுவதால், ஊகித்துத் தட்டிப் பார்ப்பவரின் வேகம் பெரிதும் குறைகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, இந்த வடிவத்தைத் திறக்க இகோர் பாவ்லோவ் தேவையில்லை. லினக்ஸில் திறக்கலாம், மேக்கில் கேகா திறக்கும், ஆண்ட்ராய்டு கைபேசியில் இசட்ஆர்ச்சிவர் திறக்கும். ஒரு மென்பொருள் செத்தால் இன்னொன்று இருக்கிறது.

இதிலும் ஒரு பொறி உண்டு. 7இசட்டுக்குப் பதில் ஸிப் வடிவத்தைத் தேர்ந்தால், மறையாக்க முறையாக ஸிப்கிரிப்டோ முன்னதாகவே நிற்கும். அதை 1994-லேயே எலி பிஹாமும் பால் கோச்சரும் உடைத்துக் காட்டிவிட்டார்கள். உள்ளே இருக்கும் ஒரு கோப்பின் சில எழுத்துகள் தெரிந்தாலே கடவுச்சொல் இல்லாமல் திறக்கும் கருவிகள் இன்று இலவசமாகக் கிடைக்கின்றன. ஸிப்தான் வேண்டுமென்றால் ஏஇஎஸ்-256 என்று மாற்றிக்கொள்ள வேண்டும். இன்னொன்று, 7-ஸிப் தானாகப் புதுப்பித்துக்கொள்வதில்லை. ஆண்டுக்கு ஓரிரு முறை நாமே புதிய பதிப்பைப் போட வேண்டும்.

கூகுள் டிரைவிலோ ஒன்டிரைவிலோ கோப்புகளை வைப்பவர்களுக்கு கிரிப்டோமேட்டர் பொருந்தும். ஜெர்மனியில் உருவாகி 2016-ல் வெளிவந்தது. ஒவ்வொரு கோப்பையும் தனித்தனியே மறையாக்குவதால், ஒன்றை மாற்றினால் அது மட்டும் மேலேறும். நம் ஊர் இணைய வேகத்துக்கு அது பெரிய உதவி. நிரல் வெளிப்படையானது. மீட்புத் திறவுகோலாகச் சொற்களின் கோவை ஒன்றைத் தரும், அதை அச்செடுத்து வைக்கலாம்.

1999-ல் 1.0 பதிப்பு வந்த க்னூபிஜி, பத்திரிகையாளர்களும் நிரலாளர்களும் நம்பும் கருவி. கட்டளை வரி பழகியவர்களுக்கு ஏஜ் என்ற புதிய சிறு மென்பொருள் அதைவிட எளிது. வீட்டுப் பத்திரத்துக்கு இரண்டையும் நான் பரிந்துரைப்பதில்லை, வீட்டில் வேறு யாரும் திறக்க மாட்டார்கள் என்பதே காரணம். ஆக்ஸ்கிரிப்ட் போல இணையக் கணக்கோடும் சந்தாவோடும் கட்டப்பட்டவையும் அதே காரணத்தால் எனக்கு உவப்பில்லை. நிரலை வெளியிடாமல் 'ராணுவத் தரப் பாதுகாப்பு' என்று மட்டும் விளம்பரம் செய்பவற்றைத் தொடவே வேண்டாம்.

எந்த மென்பொருளானாலும், மறையாக்கியபின் அசல் கோப்பு பழைய இடத்திலேயே இருக்கிறது என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அழித்தாலும் ரீசைக்கிள் பின்னில் கிடக்கும். அதையும் காலி செய்தாலும் ஹார்டு டிஸ்க்கில் மேலெழுதும்வரை மீட்க முடியும். எஸ்எஸ்டியில் எந்த இடத்தில் எழுதுவது என்பதை டிஸ்க்கே தீர்மானிப்பதால், ஒரு கோப்பை மட்டும் மேலெழுதி அழித்தோம் என்று உறுதி சொல்ல முடியாது. 7-ஸிப்புக்குள்ளிருந்து இரட்டைக் கிளிக் செய்து திறக்கும் கோப்பும் தற்காலிக ஃபோல்டரில் ஒரு பிரதியாக வந்துபோகிறது. எனவே லேப்டாப்பில் முழு டிரைவ் மறையாக்கமும் இருந்து, அதன்மேல் முக்கியக் கோப்புக்குத் தனிப் பூட்டும் இருந்தால்தான் இந்த ஓட்டை அடைபடும். ரான்சம்வேர் வேறு விஷயம். நாம் பூட்டிய கோப்பையும் அது தன் பங்குக்கு இன்னொரு முறை பூட்டிவிடும். அதற்கு மருந்து, கணினியில் மாட்டியே வைக்காத ஒரு பிரதிதான்.

சட்டம் இரு பக்கமும் பேசுகிறது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69-ஆவது பிரிவின்படி, உரிய ஆணை வந்தால் மறைநீக்க உதவ வேண்டும். மறுத்தால் 7 ஆண்டு வரை சிறை. 2015 செப்டம்பரில் மத்திய அரசு வெளியிட்ட மறையாக்கக் கொள்கை வரைவு, குடிமக்கள் மறையாக்காத பிரதியை 90 நாள் வைத்திருக்க வேண்டும் என்று கேட்டது. எதிர்ப்பு எழுந்து சில நாளில் அது திரும்பப் பெறப்பட்டது. மறுபக்கம், 2023-ன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கு 2025 நவம்பரில் வந்த விதிகள், மறையாக்கம் போன்ற பாதுகாப்புகளை எதிர்பார்க்கின்றன. பாதுகாக்கத் தவறினால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். முக்கியக் கடமைகள் நடைமுறைக்கு வர 18 மாத அவகாசம் தரப்பட்டிருக்கிறது. தன் வீட்டுக் கோப்பை வைத்திருப்பவரை இந்தச் சட்டம் தொடாது. ஊராருடைய பானையும் ஆதாரையும் கணினியில் அடுக்கி வைத்திருக்கும் ஆடிட்டர் அலுவலகங்கள், மருத்துவமனைகள், இ-சேவை மையங்கள் நிலை வேறு. அவர்கள் அவகாசம் முடியும்வரை காத்திருக்கக் கூடாது.

கடைசியாகக் கடவுச்சொல். திரைப்பாடலின் வரி, குறள், பிள்ளையின் பெயரோடு பிறந்த ஆண்டு இவையெல்லாம் ஊகிக்கக்கூடியவை. அர்னால்ட் ரைன்ஹோல்ட் 1995-ல் சொன்ன டைஸ்வேர் முறை இன்றும் சிறந்தது: ஐந்து பகடை உருட்டி, 7,776 சொற்கள் கொண்ட பட்டியலிலிருந்து ஒரு சொல்லை எடுக்க வேண்டும், இப்படி ஆறு சொல். ஒன்றோடொன்று தொடர்பில்லாத ஆறு சொற்கள் நினைவிலும் நிற்கும். இருந்தாலும் நினைவை மட்டும் நம்பக் கூடாது. ஒரு தாளில் அந்தச் சொற்களையும், எந்த மென்பொருள், எந்தக் கோப்பு, எந்தப் பென் டிரைவ் என்பதையும் எழுதி, மூலப் பத்திரம் இருக்கும் அதே வங்கி லாக்கரில் வைத்துவிடலாம். நம் அச்சம் சர்வீஸ் கடையும் தொலைந்த பென் டிரைவும்தான். லாக்கருக்குள் வந்து தாளைப் படிப்பவர் அல்லர்.

அந்தத் தாளை லாக்கரில் வைப்பதற்கு முன் வீட்டுக்காரரிடமோ வீட்டுக்காரியிடமோ மகளிடமோ கொடுத்து, இன்னொரு கணினியில், நீங்கள் பக்கத்தில் இல்லாமல், கோப்பைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். திறந்துவிட்டால் நீங்கள் தேர்ந்த மென்பொருள் சரியானதுதான், வெராகிரிப்ட்டானாலும் கிரிப்டோமேட்டரானாலும். தடுமாறினால் 7-ஸிப்புக்கு மாறி மீண்டும் செய்து பாருங்கள். அதுவரை அசல் கோப்பை அழிக்க வேண்டாம்.